தண்ணீர்த் தொட்டியை வைத்து நியூட்டனையே மறுத்த டாக்டர்: யார் இந்த தாமஸ் யங்?

மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் இயர்பட்ஸை மாட்டுகிறீர்கள். நாய்ஸ் கேன்சலிங்கை ஆன் செய்ததும் ரயிலின் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. காதை இறுக்கி அடைத்ததால் மட்டும் நடப்பதல்ல இது. வெளியிலிருந்து வரும் ஒலி அலையை ஒரு குட்டி மைக் கேட்கிறது. அதற்கு நேரெதிரான இன்னொரு அலையை இயர்பட்ஸ் உண்டாக்குகிறது. ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் போய் உட்கார, இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது.

பிளஸ் டூ படித்தவர்களுக்கு இதன் பெயர் ஞாபகம் இருக்கலாம்: குறுக்கீட்டு விளைவு. அலை என்று ஒன்று இருந்தால் அது தண்ணீரோ, ஒலியோ, ஒளியோ, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே விதிதான் என்று 220 வருடங்களுக்கு முன்பு சொன்னவர் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய டாக்டர். சொன்னதோடு நிற்கவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒளி அலையின் நீளத்தை அளந்தும் காட்டினார். அதற்கு அவர் கையில் எடுத்தது, நம் ஊர் மழைக் குட்டையிலும் இருக்கிற விஷயத்தை: தண்ணீரில் இரண்டு இடங்களிலிருந்து கிளம்பும் அலைகள்.

ஆனால் அவர் ஊரில் அதை நம்பத்தான் ஆளில்லை. கிண்டல் செய்தார்கள். அதுவும் பெயர் போடாமல்!

இரண்டு வயதில் வாசிப்பு

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் மில்வெர்டன் என்ற சிற்றூர். அங்கே 1773 ஜூன் 13 அன்று ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார் யங். 10 பிள்ளைகளில் மூத்தவர். அப்பா துணி வியாபாரி, வங்கித் தொழிலிலும் இருந்தவர். குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் தாத்தா வீட்டில் வளர்ந்தார். இரண்டு வயதில் சரளமாக வாசித்தார் என்றும், நான்கு வயதுக்குள் பைபிளை இரண்டு முறை முடித்துவிட்டார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 14 வயதில் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன், ஹீப்ரு தொடங்கி அரபி, பாரசீகம் வரை கை வைத்திருந்தார். (நமக்கெல்லாம் டுவோலிங்கோவில் ஏழு நாள் ஸ்ட்ரீக் வைப்பதே பெரிய விஷயம்.)

லண்டனில் புகழ்பெற்ற மருத்துவராக இருந்த ரிச்சர்ட் பிராக்கல்ஸ்பி அவருக்கு உறவினர். அவர் காட்டிய வழியில் யங்கும் மருத்துவம் படித்தார். லண்டன், எடின்பரோ, ஜெர்மனியின் கோட்டிங்கன், கடைசியில் கேம்பிரிட்ஜ் என்று ஊர் ஊராகப் படிப்பு. நடுவில் குவேக்கர் கட்டுப்பாடுகளை விட்டு நடனம், இசை, குதிரையேற்றம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். 1797-ல் பிராக்கல்ஸ்பி இறந்தபோது லண்டனில் ஒரு வீட்டையும் 10,000 பவுண்டையும் யங்குக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் அது பெரிய சொத்து. இனி சம்பாத்தியத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலை இல்லை. 1799-ல் லண்டனில் கிளினிக் தொடங்கினார்.

கண்ணிலிருந்து அலைக்கு எப்படி வந்தார்?

அவருடைய முதல் காதல் கண். 20 வயதில், மாணவராக இருந்தபோதே, கண் எப்படி அருகிலும் தூரத்திலும் மாறி மாறி ஃபோகஸ் செய்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருடமே, 21 வயதில், ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

பின்னாளில் அதே கேள்விக்குத் திரும்பி வந்து அவர் செய்த சோதனையைப் படித்தால் கொஞ்சம் கூசும். ஃபோகஸ் மாற்றுவது கண்ணின் முன்பக்கமுள்ள கார்னியாவா, உள்ளே இருக்கும் லென்ஸா என்று தெரிய வேண்டும். ஒரு சின்னக் குழாயில் தண்ணீரை நிரப்பித் தன் கண்ணோடு ஒட்டவைத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் கார்னியாவின் வளைவு கிட்டத்தட்ட வேலை செய்யாது. அப்போதும் ஃபோகஸ் மாறுகிறது என்றால், மாற்றுவது உள்ளே இருக்கும் லென்ஸ்தான். இப்படித் தன் கண்ணையே ஆராய்ந்துகொண்டிருந்தபோதுதான், இன்று கண்ணாடிக் கடைச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதித் தருகிறார்களே, அந்த ஆஸ்டிக்மாட்டிசம் குறைபாட்டையும் அவர் அளந்து விவரித்தார். 1801-ல் வெளியானது அந்தக் கட்டுரை.

ஒளிக்கு அவர் வந்து சேர்ந்த வழியோ காது வழி. கோட்டிங்கனில் படிக்கும்போது மனிதக் குரல் பற்றி யோசிக்கத் தொடங்கியவர், அங்கிருந்து ஒலிக்குப் போனார். ஏறக்குறைய ஒரே சுருதியில் உள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் ஏறி இறங்கி விம்முவதைக் கேட்டிருப்பீர்கள். தம்பூரா சுருதி சேர்க்கும்போது கவனித்தால் தெரியும். இரண்டு ஒலிகள் ஒரு நொடி கூடியும் மறு நொடி கழிந்தும் போவதால்தான் அது. 1800-ல் ஒலியையும் ஒளியையும் பற்றி எழுதிய கட்டுரையில், ஒளியும் ஒலியைப் போல ஓர் அலையாக இருக்கலாம் என்று அவர் வாதிட்டார்.

அதில் என்ன பிரச்சினை?

பிரச்சினையின் பெயர் ஐசக் நியூட்டன். ஒளி என்பது சின்னச் சின்னத் துகள்களின் ஓட்டம் என்பது நியூட்டன் தரப்பு. அவருடைய ஒளியியல் நூல் 1704-ல் வந்தது. அதற்கு முன்பே டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஒளியை அலையாகப் பார்த்து ஒரு கோட்பாடு சொல்லியிருந்தாலும், நியூட்டன் பெயருக்கு முன்னால் அது எடுபடவில்லை. நூறு வருடம் இங்கிலாந்தில் துகள்தான் ராஜா.

துகள் தரப்பில் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. ஒளி அலை என்றால், அந்த அலையைக் காட்டு பார்க்கலாம். மேடு எங்கே, பள்ளம் எங்கே?

யங்கால் காட்ட முடியாது. யாராலும் முடியாது. ஒளியின் மேடும் பள்ளமும் அவ்வளவு சிறியவை, அவ்வளவு வேகமானவை. இந்த இடத்தில்தான் அவருக்குத் தண்ணீர் கை கொடுத்தது.

தொட்டியில் என்ன தெரிகிறது?

1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராகச் சேர்ந்தார் யங். பொதுமக்களும் வந்து உட்காரும் உரைகள் அவை. 1807-ல் இரண்டு பெரிய தொகுதிகளாக அச்சிட்ட அந்த உரைகளில், அகலமான, ஆழம் குறைந்த ஒரு பாத்திரத்தை அவர் விவரிக்கிறார். அடிப்பாகம் கண்ணாடி. கீழே விளக்கு. தண்ணீர்ப் பரப்பில் எழும் அலைகளின் நிழல் மேலே ஒரு வெள்ளைப் பரப்பில் விழும். இன்று பள்ளி ஆய்வகங்களில் சிற்றலைத் தொட்டி, அதாவது ரிப்பிள் டேங்க் என்று சொல்கிற கருவி இதுதான். விளக்கு மேலே போய், வெள்ளைத் தாள் கீழே வந்துவிட்டது. மற்றபடி அதே சரக்கு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அவனில் வைக்கும் கண்ணாடி டிரே ஒன்றை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே தூக்கி வைத்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அறையை இருட்டாக்கி, மேலிருந்து போன் டார்ச்சை அடியுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாள். பென்சிலால் தண்ணீரைத் தொட்டதும் தாளில் வெளிச்சக் கோடுகள் வட்டம் வட்டமாக ஓடும். நான் முதல் தடவை செய்தபோது போனைக் கீழே வைத்தேன். அதை நீங்கள் செய்ய வேண்டாம்.

அந்த வெளிச்சக் கோடு எப்படி வருகிறது? தண்ணீரின் மேடு ஒரு குவிலென்ஸ் மாதிரி ஒளியைக் குவிக்கிறது. பள்ளம் சிதறடிக்கிறது. அதனால் ஒவ்வொரு மேடும் ஒரு வெளிச்சக் கோடு. இதைச் சொன்னது ஒரு கண் லென்ஸ் ஆராய்ச்சியாளர் என்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை!

இப்போது அளவு. பள்ளித் தொட்டியில் பென்சிலுக்குப் பதில் ஒரு சின்ன மோட்டார் தண்ணீரை ஒரே சீராகத் தட்டும். நொடிக்கு 10 முறை தட்டினால் அதிர்வெண் 10. அடுத்தடுத்த இரண்டு வெளிச்சக் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் அலைநீளம். ஆனால் ஒரே ஒரு இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் பிழை அதிகம். அதனால் 10 இடைவெளிகளைச் சேர்த்து அளந்து 10-ஆல் வகுப்பார்கள். 10 இடைவெளி என்றால் 11 கோடுகள் எண்ண வேண்டும். இங்கே சறுக்காத மாணவர் அபூர்வம்.

இன்னொரு பொறியும் உண்டு. தாளில் விழுவது நிழல். விளக்கு மேலே ஒரே புள்ளியில் இருப்பதால் நிழல் பெரிதாக விழும். 5 செ.மீ. நீளக் குச்சி ஒன்றைத் தண்ணீர் மட்டத்தில் பிடித்துப் பார்க்கிறோம், நிழல் 7.5 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். அப்படியானால் எல்லாமே ஒன்றரை மடங்காகத் தெரிகிறது. தாளில் 3.6 செ.மீ. என்று அளந்த அலைநீளம் உண்மையில் 2.4 செ.மீ.தான். அதிர்வெண்ணை அலைநீளத்தால் பெருக்கினால் வேகம்: 10-ஐ 2.4-ஆல் பெருக்க, நொடிக்கு 24 செ.மீ. இந்த அளவிலான சிற்றலைகள் உண்மையில் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் போகின்றன. நிழலைத் திருத்தாமல் விட்டால் 36 என்று எழுதி மார்க்கை விட்டுவிடுவோம்.

இரண்டு கல், ஒரு குளம்

இதுவரை ஒரு அலை. இப்போது மோட்டாரில் இரண்டு குமிழ்களை மாட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தட்டும்படி செய்யுங்கள். இரண்டு வட்ட அலைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஆனால் நடுநடுவே விசிறி மடிப்பு மாதிரி சில கோடுகளில் தண்ணீர் அசையவே அசையாது. ஒரு அலையின் மேடு வரும் அதே நேரத்தில் இன்னொன்றின் பள்ளமும் அங்கே வந்து சேர்கிறது. கூட்டினால் பூஜ்யம்.

யங்கின் 1807 நூலில் இதற்கு அவர் தந்த படம் இயற்பியலில் மிகவும் பிரபலமான படங்களில் ஒன்று. ஒரே அளவுள்ள இரண்டு கற்களை ஒரே சமயத்தில் குளத்தில் போட்டால் என்ன தெரியுமோ அதுதான் படம்.

கவனிக்க வேண்டியது அந்த அசையாத கோடுகளைத்தான். மேடும் பள்ளமும் ஓடிக்கொண்டே இருக்கும். அமைதியான கோடோ நின்ற இடத்திலேயே நிற்கும். நின்றால் ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள முதல் அமைதிக் கோட்டில் ஒரு புள்ளியை எடுங்கள். ஒரு குமிழிலிருந்து அதன் தூரம் 12 செ.மீ., இன்னொன்றிலிருந்து 13.2 செ.மீ. என்று வருகிறது. வித்தியாசம் 1.2. அதாவது ஒரு அலை மற்றதைவிட அரை அலைநீளம் அதிகம் நடந்து வந்திருக்கிறது, அதனால்தான் மேடு பள்ளத்தைச் சந்தித்தது. அப்படியானால் முழு அலைநீளம் 2.4 செ.மீ. முன்பு கிடைத்த அதே விடை. ஆனால் இந்தத் தடவை நாம் ஒரு மேட்டைக்கூடப் பார்க்கவில்லை, ஒரு கோட்டைக்கூட எண்ணவில்லை. அலை எங்கே இல்லை என்பதை மட்டும் பார்த்தோம்.

ஒளியின் மேட்டைக் காட்டு என்று கேட்டவர்களுக்கு யங்கிடம் இருந்த பதில் இதுதான். மேட்டைக் காட்ட முடியாது. ஆனால் இரண்டு ஒளிகள் சேர்ந்து இருட்டாகும் இடங்கள் இருக்கின்றனவா என்று தேடலாம். இருந்தால், அந்த இருட்டுக் கோடுகளை வைத்தே அலைநீளத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

நியூட்டனின் எண்களை வைத்தே நியூட்டனுக்கு மறுப்பு

1801 நவம்பரில் ராயல் சொசைட்டியில் அவர் அளித்த பேக்கரியன் உரை இதைத்தான் செய்தது. இருட்டுக் கோடுகளைத் தேடி அவர் தூரம் போகவில்லை. சோப்புக் குமிழியிலும், ரோட்டில் சிந்திய எண்ணெயிலும் தெரியும் வண்ண வளையங்கள் நமக்குத் தெரியும். ஒரு லென்ஸைத் தட்டைக் கண்ணாடியின் மேல் வைத்தாலும் அப்படி வளையங்கள் வரும். அவற்றை நூறு வருடங்களுக்கு முன்பே மிகக் கவனமாக அளந்து வைத்தவர் வேறு யாருமல்ல, நியூட்டனேதான்.

இடையில் இருக்கும் மெல்லிய காற்று இடைவெளியின் மேல் பக்கத்திலிருந்து ஒரு ஒளி, கீழ்ப் பக்கத்திலிருந்து ஒரு ஒளி என்று இரண்டு அலைகள் திரும்பி வந்து சேர்கின்றன என்றார் யங். நியூட்டன் அளந்த இடைவெளிகளை அப்படியே தன் கணக்கில் போட்டார். சிவப்பின் கடைசி எல்லைக்கு ஓர் அங்குலத்தில் சுமார் 37,600 அலைகள். ஊதாவின் எல்லைக்குச் சுமார் 59,750. இன்றைய அளவில் சொன்னால் ஏறக்குறைய 675 நானோமீட்டர், 425 நானோமீட்டர். இன்றைக்கு ஆய்வகத்தில் லேசரும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் வைத்து அளந்தாலும் சிவப்பும் ஊதாவும் இந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் வரும். மின்விளக்குகூட இல்லாத காலத்தில்!

இன்னொரு சாட்சியையும் நியூட்டனிடமிருந்தே எடுத்தார். இன்றைய வியட்நாமின் டோங்கின் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கடல் ஏற்றம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது, சில நாட்களில் வருவதே இல்லை என்று மாலுமிகள் எழுதியிருந்தார்கள். இரண்டு வழிகளில், வேறுவேறு நேரத்தில் வந்து சேரும் இரண்டு கடலேற்றங்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன என்று விளக்கம் தந்தவர் நியூட்டன். கடல்நீருக்கு ஒப்புக்கொண்டதை ஒளிக்கும் ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் யங்கின் வாதம்.

இரட்டைப் பிளவு சோதனையை அவர் செய்தாரா, இல்லையா?

பாடப்புத்தகத்தில் யங் இரட்டைப் பிளவு சோதனை என்று படித்து, பட்டை அகலத்துக்கான சூத்திரத்தை மனப்பாடம் செய்திருப்போம். அவர் வாழ்க்கையில் இந்த இடத்தில் கொஞ்சம் கவனம் தேவை. 1803 நவம்பர் 24 அன்று ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் இருப்பது பிளவுகள் அல்ல, ஒரு அட்டைத் துண்டு.

ஜன்னல் கதவில் ஒரு துளை. அதை மூடிய தடித்த தாளில் நுண்ணிய ஊசியால் குத்திய ஓட்டை. அதன் வழியே அறைக்குள் வரும் சூரிய ஒளிக்கற்றையின் நடுவே, ஓர் அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டையை விளிம்பு ஒளியைப் பார்க்கும்படி நீட்டினார். ஒளி அட்டைக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி எனப் பிரிந்து போனது. அட்டையின் நிழலுக்குள்ளேயே வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் தெரிந்தன. இப்போது ஒரு பக்கம் வரும் ஒளியை மட்டும் இன்னொரு அட்டையால் மறைத்தார். கோடுகள் காணாமல் போயின. மறைக்காத பக்கத்து ஒளி அப்படியேதான் இருந்தது. ஆக, கோடுகள் ஒரு பக்கத்து ஒளியால் வருபவை அல்ல. இரண்டும் சேர்வதால் வருபவை. தொட்டியில் ஒரு குமிழைக் கழற்றினால் அமைதிக் கோடுகள் மறைந்துவிடும் இல்லையா, அதேதான்.

இரண்டு துளைகள் அல்லது பிளவுகள் கொண்ட அமைப்பு 1807 நூலில்தான் வருகிறது. அதிலும் துளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம், திரை எவ்வளவு தள்ளி இருந்தது என்ற விவரங்களை அவர் தரவில்லை. அதனால் அதை அவர் உண்மையிலேயே செய்து பார்த்தாரா, தண்ணீர் அலைகளை வைத்து ஒளியில் இப்படித்தான் நடக்கும் என்று விளக்கினாரா என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த அட்டைத் துண்டே போதும் என்று தோன்றுகிறது.

பெயர் போடாத ட்ரோல்

சரி, இவ்வளவு சாட்சி இருந்தும் ஏன் எடுபடவில்லை?

1802-ல் எடின்பரோ ரிவ்யூ என்ற பத்திரிகை தொடங்கியது. சீக்கிரமே செல்வாக்குப் பெற்றது. கட்டுரைகளில் எழுதியவர் பெயர் இருக்காது. 1803 ஜனவரியிலேயே யங்கின் உரைகளைக் கிழித்துத் தோரணம் கட்டி அதில் விமர்சனம் வந்தது. புதிய சோதனை எதுவும் இல்லை, வெறும் கற்பனை, நியூட்டனை விட்டு விலகியது அறிவியலுக்கே கேடு என்ற தொனி. இப்படிப்பட்ட ஆளுக்கு ராயல் சொசைட்டி எப்படி இடம் தரலாம் என்றும் கேள்வி. அட்டைச் சோதனை வெளியான பிறகு 1804-லும் அதே பத்திரிகையில் அதே தாக்குதல்.

எழுதியது ஹென்றி ப்ரூம். முதல் விமர்சனத்தின்போது வயது 24. பின்னாளில் பிரிட்டனின் லார்ட் சான்சலராகவே ஆனவர். ப்ரூமின் கணித வேலை ஒன்றை யங் முன்பு குறை சொல்லியிருந்தார் என்பதால் இது பழைய கணக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ப்ரூம் நிஜமாகவே நியூட்டன் பக்தர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலும், யங் எழுதும் முறை சுலபமானதல்ல. கணக்கின் நடுப் படிகளைத் தாண்டிப் போய்விடுவார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவரோடு இருந்த ஹம்ப்ரி டேவி பேசினால் அரங்கம் நிரம்பும். யங் பேசினால் தலை கிறுகிறுக்கும்.

யங் பதிலுக்கு ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். அது ஒரே ஒரு பிரதிதான் விற்றதாம்.

அதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதம் கொஞ்சம் வருத்தமானது. 1803-லேயே பேராசிரியர் பதவியை விட்டுவிட்டிருந்தார். காரணம், மருத்துவத் தொழில். அலை, ஒளி என்று சுற்றிக்கொண்டிருக்கிற டாக்டரை நோயாளிகள் நம்புவார்களா என்ற பயம். 1804 ஜூனில் எலைசா மேக்ஸ்வெல்லைத் திருமணம் செய்துகொண்டார். மருத்துவம் அல்லாத பல கட்டுரைகளைப் பெயர் போடாமலேயே வெளியிட்டார். தன்னைப் பெயரில்லாமல் அடித்தார்கள், தானோ பெயரில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். 1811 முதல் இறக்கும்வரை லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் பணியாற்றியும், பெரிய டாக்டர் என்று பெயர் எடுக்கவும் இல்லை.

இதற்கு நடுவில் அந்த 1807 நூலில் வந்தவற்றில் இரண்டு மட்டும்: பொருள் எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதற்கான யங் குணகம், எனர்ஜி என்ற சொல்லை இயற்பியல் அர்த்தத்தில் பயன்படுத்தியது. தவிர, கண்ணில் மூன்று வகை நிற உணர்விகள் இருக்க வேண்டும் என்றும் 1800-களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டிருந்தார். உங்கள் போன் ஸ்கிரீன் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே நிறப் புள்ளிகளை வைத்து எல்லா நிறத்தையும் காட்டி ஏமாற்ற முடிவது கண் அப்படி இருப்பதால்தான்.

பாரிஸிலிருந்து வந்த விருந்தாளிகள்

ஒளி அலைக்கு உயிர் கொடுத்தது பிரான்ஸ். அகஸ்டின் ஃபிரனெல், சாலை போடும் என்ஜினீயர். யங்கின் வேலையைப் பற்றி அதிகம் தெரியாமலேயே 1815 வாக்கில் அதே முடிவுகளுக்கு வந்தார். ஆனால் யங் தாண்டிப்போன கணக்கை இவர் படிப்படியாக முழுதாகப் போட்டார்.

1816-ல் ஃபிரனெலின் ஆதரவாளர் பிரான்சுவா அரகோ, வேதியியலாளர் கே-லுசாக்குடன் யங்கைப் பார்க்க இங்கிலாந்து வந்தார். அங்கே நடந்ததை அரகோ பின்னர் எழுதினார். ஃபிரனெலின் புதிய சோதனையை அவர்கள் வியந்து விளக்க, இது என் நூலில் ஏற்கெனவே இருக்கிறதே என்கிறார் யங். விருந்தாளிகளுக்குச் சந்தேகம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எலைசா எதுவும் பேசாமல் எழுந்து போய், பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து, சரியான பக்கத்தைத் திறந்து படத்தைக் காட்டுகிறார். ஒன்பது வருடமாகப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத 1807 நூல் அது. எந்தப் பக்கம் என்று மனைவிக்கு மனப்பாடம்!

ஃபிரனெலுடன் யங் சண்டை போடவில்லை. 1817-ல் அரகோவுக்கு எழுதிய கடிதத்தில், ஒளி அலை ஒலியைப் போல முன்னும் பின்னும் மட்டுமல்லாமல் குறுக்காகவும் அதிரலாம் என்ற யோசனையைத் தந்தார். ஃபிரனெல் அதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனார். ஃபிரனெலுக்கு ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தபோது, அந்தச் சங்கத்தின் வெளிநாட்டுச் செயலாளராக இருந்தவர் யங். 1827-ல் பதக்கம் கைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், 39 வயதில் ஃபிரனெல் இறந்துவிட்டார்.

எகிப்து விஷயத்தில் அவ்வளவு இணக்கம் இல்லை. 1814 முதல் ரொசெட்டா கல்லின் எழுத்துகளைப் பிடித்துக்கொண்ட யங், டாலமி என்ற மன்னரின் பெயரை அதில் அடையாளம் கண்டு, 1819-ல் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் எழுதினார், வழக்கம்போலப் பெயர் போடாமல். 1822-ல் பிரான்ஸின் ஷாம்போலியன் முழுப் பூட்டையும் திறந்தார். முதல் சாவி யாருடையது என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. அது தனி எக்ஸ்ப்ளெய்னருக்கான கதை.

தண்ணீரே சொன்ன தீர்ப்பு

1827-ல் பிரெஞ்சு அறிவியல் அகாடமி யங்கைத் தன் வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1829 மே 10 அன்று லண்டனில் இறந்தார். வயது 55. கடைசி நாட்களில் பழைய எகிப்திய எழுத்துகளுக்கான அகராதியின் அச்சுப்படிகளைப் படுக்கையிலேயே திருத்திக்கொண்டிருந்தார். பேனா பிடிக்கத் தெம்பில்லாததால் பென்சிலால். பிள்ளைகள் இல்லை. பிற்பாடு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு ஒரு நினைவுக் கல் வைத்தவர், சிறு வயதில் அவரோடு சேர்ந்து படித்த ஹட்சன் கர்னி.

துகளா அலையா என்ற வழக்கில் ஒரு கேள்வி மட்டும் அப்போதும் பாக்கி இருந்தது. காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும்போது ஒளி வளைகிறது. நியூட்டனின் துகள் கணக்குப்படி வளைய வேண்டுமென்றால் ஒளி தண்ணீரில் வேகமாகப் போக வேண்டும். அலைக் கணக்குப்படி மெதுவாகப் போக வேண்டும். ரிப்பிள் டேங்கில் இதை ஒரு நிமிடத்தில் பார்க்கலாம். தொட்டியின் ஒரு பாதியில் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாய்வாக மூழ்க வைத்தால் அங்கே ஆழம் குறையும். அதன்மேல் வரும் அலைகள் மெதுவாகும், கோடுகள் நெருங்கும், போகும் திசையும் திரும்பும். அதிர்வெண் மட்டும் மாறாது, ஏனென்றால் தட்டுவது அதே மோட்டார்.

ஒளிக்கு இதைச் சோதிக்கும் அளவுக்கு வேகமான கருவி யங் காலத்தில் இல்லை. அவர் இறந்து 21 வருடம் கழித்து, 1850-ல், பாரிஸில் லியோன் ஃபூக்கோ வேகமாகச் சுழலும் கண்ணாடியை வைத்து, ஒரு ஒளிக்கற்றையைக் காற்று வழியாகவும் இன்னொன்றைத் தண்ணீர் நிரப்பிய குழாய் வழியாகவும் அனுப்பினார். தண்ணீர் வழியாகப் போனது பிந்தி வந்தது.